திறவுகோலும் ஈட்டிகளும்: வெலாஸ்குவெஸின் 'பிறேடாவின் சரணடைவு' பற்றிய ஒரு மறுநோக்கு

1

ஆளும் வர்க்கத்தின் ஆணைப்படி ஆக்கப்பெற்ற பெருங் கலைப்படைப்புகளை எவ்வாறு அணுகுவது என்பது, முற்போக்குத் திறனாய்வு நெடுங்காலமாக எதிர்நோக்கிவரும் பிரச்சினைகளுள் ஒன்றாகும். இலக்கியத்தைப் பொறுத்தவரை இதுபற்றி நம்மிடையே ஓரளவு விவாதம் நடைபெற்றுள்ளது. அரசவைப் புலவரின் பாட்டும் மெய்க்கீர்த்தியும் பரணியும் எவருக்காக, எச்சூழலில், எந்நோக்குடன் தோன்றின என வினவ நாம் பழகியுள்ளோம். ஆயின் ஓவியம், சிற்பம் முதலிய கட்புலக் கலைகள் என்று வரும்போது நமது வினாக்கள் மென்மையடைந்துவிடுகின்றன. அழகு, மேதைமை, மனிதாபிமானம் ஆகிய சொற்கள் வரலாற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன.

இவ்வகையில் ஓர் எடுத்துக்காட்டாக, ஸ்பானிய ஓவியர் டியேகோ வெலாஸ்குவெஸ் (1599–1660) 1634–35ஆம் ஆண்டுகளில் தீட்டிய 'பிறேடாவின் சரணடைவு' என்னும் ஓவியத்தை இக்கட்டுரையில் ஆராய முற்படுகின்றோம். 'ஈட்டிகள்' என்ற பெயராலும் இது அறியப்படும். மூன்று மீற்றருக்கு மேற்பட்ட உயரமும் மூன்றரை மீற்றருக்கு மேற்பட்ட அகலமும் கொண்ட இவ்வோவியம் இன்று மட்றிட் நகரின் பிராடோ அரும்பொருளகத்தில் உள்ளது.

இவ்வோவியம் பற்றி இருவேறு கூற்றுகள் வழக்கிலுள்ளன. வென்றவன் தோற்றவனை அவமதிக்காது தோளில் கைவைத்துத் தேற்றுகின்றான். எனவே இது போரின் கொடுமையைக் கடந்த மனிதாபிமானத்தின் சித்திரம் என்பது ஒன்று. இது முடியாட்சியின் பணத்தில் முடியாட்சிக்காகச் செய்யப்பட்ட பிரசாரம். அதற்குமேற் சொல்வதற்கு எதுவுமில்லை என்பது மற்றது. முதலாவது கூற்றையே நாமும் ஒரு காலத்தில் வகுப்பறையிற் கூறி வந்துள்ளோம். பின்னர், அதனால் ஏற்பட்ட கூச்சத்தினாற்போலும், இரண்டாவதன்பாற் சாய்ந்ததும் உண்டு. இரண்டுமே ஓவியத்தை முழுமையாகப் பார்க்கத் தவறுகின்றன என்பதே இங்கு நாம் நிறுவ விரும்புவது.

2

முதலில் வரலாற்று நிகழ்வை நோக்குவோம். ஸ்பானிய முடியாட்சிக்கு எதிராக நெதர்லாந்து மக்கள் 1568இல் தொடங்கிய போராட்டம், இடையில் 1609 முதல் 1621 வரையிலான பன்னிரண்டாண்டு போர்நிறுத்தம் நீங்கலாக, 1648 வரை நீடித்தது. வட பிரபாந்தில் அமைந்த பிறேடா என்னும் அரணுடை நகரம் இப்போரிற் பலமுறை கைமாறியது. 1581இல் அதனை ஸ்பானியப் படை கைப்பற்றியது. 1590இல், எரிகரி ஏற்றிச் சென்ற படகொன்றினுள் மறைந்திருந்த சிறு படையினரைக் கொண்டு ஒல்லாந்தர் அதனை மீட்டனர். 1624 ஓகஸ்ற் மாதம் ஸ்பானியத் தளபதி அம்புறோசியோ ஸ்பினோலா அதனை முற்றுகையிட்டார். ஏறத்தாழ ஒன்பது மாதங்களின் பின்னர், 1625 யூன் மாதம் 5ஆம் நாள் நகரம் பணிந்தது.

நகரைப் பணியவைத்தது வாளன்று, பசி. உள்ளே பஞ்சமும் நோயும் நிலவின. முற்றுகையிட்ட படையினரிடத்தும் உணவுத் தட்டுப்பாடும் நோயும் உயிர்ப்பலி கொண்டன. நீரை அணைகட்டித் தேக்கியும் திறந்துவிட்டும் இரு சாராரும் விளைநிலங்களைப் போர்க்களமாக்கினர். ஈற்றில் ஒப்புக்கொள்ளப்பட்ட நிபந்தனைகள் அக்கால வழக்கின்படி தாராளமானவை. நகரைக் காத்த படையினர் கொடியை விரித்துப் பறை முழக்கி, படைக்கலங்களுடன் வெளியேற அனுமதிக்கப்பட்டனர்.

நமது பழைய புறத்திணை மரபு இத்தகைய போரின் இரு முகங்களையும் அறிந்திருந்தது. மதிலை வளைத்தலையும் காத்தலையும் தொல்காப்பியம் உழிஞை என்னும் ஒரே திணையுள் அடக்கியது. பிற்காலத்துப் புறப்பொருள் வெண்பாமாலை காத்தலை நொச்சி எனத் தனித்திணையாக்கியது. ஆயின் உழிஞைக்கும் நொச்சிக்கும் இடையே மதிலின் உள்ளே பசித்திருந்த குடிமக்களுக்கு எத்திணையும் வகுக்கப்படவில்லை. வெலாஸ்குவெஸின் ஓவியத்திலும் அவர்களுக்கு இடமில்லை என்பதை இவ்விடத்துக் குறித்துக்கொள்வோம். இதற்குப் பின்னர் மீள்வோம்.

வெலாஸ்குவெஸ் பிறேடாவுக்குச் சென்றவரல்லர். நிகழ்வு பற்றிய செய்திகள் அவருக்குப் பல வழிகளிற் கிடைத்திருக்கக்கூடும். ஸ்பினோலாவின் படையுடனிருந்த யேசுசபைத் துறவி ஹேர்மன் ஹூகோ 1626இல் அந்வேர்ப்பில் முற்றுகையின் வரலாற்றை வெளியிட்டார். ஜாக் கல்லோ முற்றுகைக் களத்தைச் செதுக்கோவியமாக ஆக்கினார். நாடகாசிரியர் கால்டெரோன் 'பிறேடா முற்றுகை' என்னும் நாடகத்தை எழுதினார். ஓவியத்தின் மையமாகிய திறவுகோல் கையளிப்பு இந்நாடகத்திற் காணப்படும் காட்சியாகும். நாம் 'வரலாற்று ஓவியம்' என்று அழைப்பது, இவ்வகையில், அரசவை மேடையின் நீட்சியாகவும் அமைகின்றது.

3

ஓவியம் தனித்துத் தொங்குவதற்காகத் தீட்டப்பட்டதன்று என்பது மிக முக்கியமானது. நான்காம் பிலிப் மன்னரின் முதன்மை அமைச்சராகிய ஒலிவாரெஸ் கோமகனின் முயற்சியால் மட்றிட்டின் புறத்தே புவென் ரெற்றீறோ அரண்மனை 1630களிற் கட்டப்பட்டது. அதன் 'இராச்சியங்களின் மண்டபம்' என்னும் கூடத்துக்கென ஒரு முழுமையான சித்திரத்திட்டம் வகுக்கப்பட்டது. ஸ்பானியப் படைகளின் வெற்றிகளைக் காட்டும் பன்னிரண்டு பெரும் ஓவியங்கள். சுர்பரான் தீட்டிய, ஹேர்க்குலிஸின் செயல்களைக் காட்டும் பத்து ஓவியங்கள். அரச குடும்பத்தினர் ஐவரின் குதிரையூர் உருவங்கள். மேலே முடியாட்சிக்குட்பட்ட இருபத்துநான்கு இராச்சியங்களின் சின்னங்கள். யோனதன் பிறவுனும் எலியட்டும் 1980இல் வெளியிட்ட இவ்வரண்மனை பற்றிய ஆய்வு, இக்கூடத்தை ஓர் அரசியல் வாசகமாகவே வாசிக்க வேண்டும் என்பதைத் தெளிவுறுத்தியது.

இவ்வாசகத்தின் கூற்று யாது? பன்னிரண்டு வெற்றிகளுள் ஐந்து 1625ஆம் ஆண்டுக்குரியவை. அவ்வாண்டு பிறேடாவும் பிறேசிலின் பாகியாவும் கைப்பற்றப்பட்டன. ஜெனோவாவும் காடிசும் புவேர்ட்டோ ரிக்கோவும் பாதுகாக்கப்பட்டன. ஓவியங்கள் தொங்கவிடப்பட்டதோ 1635இல். இடைப்பட்ட பத்தாண்டுகளில் நடந்தவற்றைக் கூடத்தின் சுவர்கள் கூறுவதில்லை. 1627இல் முடி தனது கடன்கொடுத்தோருக்குரிய கொடுப்பனவுகளை இடைநிறுத்தியது. 1628இல் அமெரிக்காவிலிருந்து வந்த வெள்ளிக் கப்பற்றொகுதியைக் கியூபாக் கரையிற் பீற் ஹெயின் தலைமையில் ஒல்லாந்தர் கைப்பற்றினர். 1635இல் பிரான்சுடனான போர் தொடங்கியது. 1637 ஒக்டோபரில், ஓவியம் தீட்டப்பட்டுச் சில ஆண்டுகளுள், பிறேடா மீண்டும் ஒல்லாந்தர் வசமாயிற்று. 1640இல் கற்றலோனியாவும் போர்த்துக்கலும் கிளர்ந்தெழுந்தன. 1643இல் ஒலிவாரெஸ் பதவியிழந்தார்.

எனவே இக்கூடம் வெற்றியின் உச்சத்தில் எழுந்த கொண்டாட்டமன்று. வீழ்ச்சியைத் தன் கண்முன்னே கண்டுகொண்டிருந்த ஓர் ஆளும் வர்க்கம், தனக்குத்தானே கூறிக்கொண்ட ஆறுதல். வரிச்சுமையால் நலிந்த மக்கள் மத்தியில் இவ்வரண்மனை கோழிக்கூடு என்று எள்ளி நகையாடப்பட்டது.

4

இப்பின்னணியில் ஓவியத்தினுள் நுழைவோம். மையத்தில் இருவர். இடப்புறமிருந்து வரும் யஸ்றினுஸ் நசாவு, நகரைக் காத்த ஒல்லாந்தத் தளபதி, ஒரேஞ்சு வில்லியத்தின் மணவுறவுக்குப் புறம்பான மைந்தர், சற்றே குனிந்து திறவுகோலை நீட்டுகின்றார். கருங்கவசமும் செந்நிறத் தோட்பட்டியும் அணிந்த ஸ்பினோலா, குதிரையிலிருந்து இறங்கி, தொப்பியை ஒரு கையிற் பற்றியவாறு, மறு கையை அவரது தோளின்மீது வைத்துக் குனியவிடாது தடுக்கின்றார். திறவுகோல் ஓவியத்தின் நடுவே, ஒளிமிக்க பின்னணியில், தனித்துத் தெரிகின்றது.

இதன் சிறப்பை உணர, அதே கூடத்துக்கென ஹுசேப்பே லெயொனார்தோ தீட்டிய 'யூலிஹ் நகரின் சரணடைவு' ஓவியத்துடன் ஒப்பிட வேண்டும். அங்கும் வென்றவர் இதே ஸ்பினோலாவே. ஆயின் அவர் குதிரைமீது அமர்ந்திருக்கின்றார். தோற்ற தளபதி தரையில் மண்டியிட்டுத் திறவுகோலை நீட்டுகின்றார். ஒரே கூடம், ஒரே புரவலர், ஒரே பொருள், இரண்டு தீர்வுகள். பிரசாரம் என்ற ஒற்றைச் சொல் இவ்விரண்டுக்குமிடையேயுள்ள வேறுபாட்டை விளக்க வல்லதன்று. கொச்சையான சமூகவியல் அணுகுமுறை தோல்வியுறும் இடம் இதுவே.

ஆயின், வெலாஸ்குவெஸின் தீர்வு மனிதாபிமானமானது என்று கூறி அமைவதும் தகாது. தோளில் வைக்கப்பட்ட அக்கை யாருடைய கை? ஸ்பினோலா ஜெனோவாவின் வணிக–வங்கியாளர் குடும்பமொன்றின் வாரிசு. 1604இல் ஒஸ்ற்றென்ட் நகரை அவர் வீழ்த்தியபோது, படைக்குப் பணம் திரட்டியதில் அவரது சொந்தக் கடன்மதிப்புக்கும் பங்கிருந்தது. மறுபுறத்தில் நிற்பவர் வணிகக் குடியரசொன்றின் படையை நடத்தும் பிரபு. இருவரும் ஒருவரையொருவர் நன்கு அறிந்துகொள்ளக்கூடிய வர்க்கத்தவர். ஒரே போர்ஒழுக்கத்தில் வளர்ந்தவர்கள். இங்கு சமத்துவம் காட்டப்படுகின்றது என்பது உண்மையே. ஆனால் அது தளபதிக்கும் தளபதிக்கும் இடையிலான சமத்துவம். கருணை என்பது வென்றவனின் அதிகாரத்தைக் குறைப்பதில்லை. கொடுக்கவும் மறுக்கவும் தன்னால் இயலும் என்பதைக் காட்டி அதனை இரட்டிப்பாக்குகின்றது. மண்டியிட வைப்பவனிலும் மண்டியிடவிடாது தடுப்பவன் பெரிய அரசனின் ஊழியனாகத் தோன்றுகின்றான். ஒலிவாரெஸுக்கு இவ்வோவியம் உவப்பாக இருந்திருக்குமெனின் அதற்குரிய காரணம் இங்கேயே உள்ளது.

இவ்விடத்து மற்றொரு முரணையும் சுட்ட வேண்டும். 1628இல் மட்றிட்டுக்கு வந்த ஸ்பினோலா, ஒல்லாந்தருடன் போர்நிறுத்தம் செய்துகொள்ள வேண்டும் என்று வாதிட்டார். ஒலிவாரெஸ் அதனை ஏற்கவில்லை. 1629இல் ஸ்பினோலா இத்தாலிக்குக் கப்பலேறியபோது, அதே பயணத்தில் வெலாஸ்குவெஸும் உடன் சென்றார். அடுத்த ஆண்டு கசாலே முற்றுகையின்போது ஸ்பினோலா, அரசவையின் ஆதரவை இழந்த நிலையில், இறந்தார். ஆகவே ஓவியத்தில் நாம் காணும் முகம், ஓவியர் நேரில் அறிந்திருந்த, போரின் பயனின்மையை உணர்ந்திருந்த ஒருவரின் முகம். போரை நீடித்தவரின் கூடத்தில் போரை நிறுத்த விரும்பியவர் வெற்றித் தலைவனாக மாட்டப்பட்டார். இறந்தவர்களைத் தமதாக்கிக்கொள்வது ஆட்சியாளருக்கு எப்போதும் எளிதாகவே இருந்துவந்துள்ளது.

5

இனி, மையத்திலிருந்து கண்ணை விலக்குவோம். வலப்புறத்தில், வானைத் தொடுவனபோல நிமிர்ந்து நிற்கும் ஈட்டிகள் ஓவியத்தின் மேற்பகுதியை ஆள்கின்றன. ஓவியத்தின் மறுபெயரே இவற்றால் வந்தது. ஈட்டி காலாட்படையின் சாதாரண வீரனது படைக்கலம். ஆயின் அவற்றை ஏந்தியோர் எங்கே? ஈட்டிகளின் முன்னே நெருங்கி நிற்கும் முகங்கள் அதிகாரிகளுடையவை. அவற்றையும், பின்புறத்தை நமக்குக் காட்டி நிற்கும் பெருங் குதிரையையும் கடந்து ஈட்டி ஏந்தியவனின் முகத்தைக் காண்பது அரிது. வென்ற பக்கத்தில் உழைப்பு மட்டும் தெரிகின்றது, உழைத்தவன் தெரியவில்லை.

அவ்வீரர்கள் எத்தகையோர்? ஸ்பானியர், இத்தாலியர், வலூன்கள், ஜேர்மானியர் எனப் பல நாட்டு வறியோரால் ஆன படை அது. ஊதியம் மாதக்கணக்கிற் கிடைக்காமற்போவது அவர்களுக்கு வழமை. அவ்வாறு ஊதியம் மறுக்கப்பட்ட படையினரே 1576இல் அந்வேர்ப் நகரைச் சூறையாடினர். அமெரிக்கச் சுரங்கங்களிற் சுதேசிகளின் உழைப்பால் தோண்டப்பட்ட வெள்ளி, ஜெனோவா வங்கியாளரின் கணக்கேடுகளினூடாக இவ்வீரனின் கைக்கு வரவேண்டும். அச்சங்கிலி அறுந்தபோதெல்லாம் போர் நின்றது அல்லது கொள்ளையாயிற்று. ஈட்டிகளின் அந்நேர்க்கோட்டு ஒழுங்கு ஓவியத்தில் மட்டுமே நிலையானது.

இடப்புறத்தை நோக்கின் நிலைமை வேறு. தோற்றோர் சிலரே, அவர்களது படைக்கலங்கள் குறுகியவை, ஒழுங்கற்றுச் சாய்ந்தவை. ஆயின் அங்கு முன்னணியில் நிற்போர் சாதாரண வீரர்கள். ஒருவன் நமக்கு முதுகைக் காட்டி நிற்கின்றான். துப்பாக்கியைத் தோளிற் சாய்த்த மற்றொருவன், மையத்தில் நிகழும் மரியாதைச் சடங்கைப் பொருட்படுத்தாது, ஓவியத்துக்கு வெளியே நம்மை நோக்குகின்றான். வென்றோர் பக்கத்தில் ஈட்டியாகிவிட்ட மனிதன், தோற்றோர் பக்கத்தில் முகமுடையவனாக நிற்கின்றான்.

பல்சாக் பற்றி 1888இல் மார்கரெட் ஹார்க்னெஸுக்கு எழுதிய கடிதத்தில் ஏங்கல்ஸ், படைப்பாளியின் அரசியற் சார்புகளையும் மீறி யதார்த்தம் வெளிப்படுவதைச் சுட்டினார். இக்கருத்து நம்மிடையே மிகுதியாக எடுத்தாளப்பட்டு, சிலபோது எக்கலைஞனையும் காப்பாற்றும் மந்திரமாகவும் ஆக்கப்பட்டுள்ளது. வெலாஸ்குவெஸ் மக்கள் கலைஞர் என்று நாம் கூறவரவில்லை. அவர் 1623 முதல் அரசவை ஓவியர். பதவியையும் குலமதிப்பையும் விரும்பியவர். நாம் கூறுவது இவ்வளவே: இரு பக்கத்தையும் உள்ளவாறு நிறுத்திப் பார்க்கும் பயிற்சி, அவரது புரவலர் வேண்டியிராத ஒன்றையும் திரையில் விட்டுச்சென்றுள்ளது. சமத்துவம் என்னும் கருத்தை மையத்தில் வைத்ததனாலேயே, அது எங்கு நின்றுவிடுகின்றது என்பதையும் அவர் காட்டநேர்ந்தது. மண்டியிடும் தளபதியைத் தீட்டிய லெயொனார்தோவின் ஓவியத்தில் இம்முரண் எழுவதற்கே வாய்ப்பில்லை.

இவ்வெல்லையையும் மறந்துவிடலாகாது. நகரமக்கள் இங்கு இல்லை. தொலைவில் நீர் தேங்கிய வயல்களும் புகையும் மட்டுமே அவர்களது துன்பத்துக்குச் சான்று. பெண்கள் எவரும் இல்லை. இதே கூடத்துக்கென மைனோ தீட்டிய பாகியா மீட்பு ஓவியத்திலோ, மன்னரின் திருவுரு ஒரு புறத்தே காட்டப்பட, முன்னணியிற் காயமுற்ற வீரன் ஒருவனுக்குப் பெண்ணொருத்தி பணிவிடை செய்கின்றாள். அக்காலக் கலைக்கு அத்தகைய பார்வை இயலாததன்று என்பதை இது உணர்த்துகின்றது. எனவே வெலாஸ்குவெஸின் ஓவியத்திலுள்ள வெற்றிடத்தைக் காலத்தின் மீது மட்டும் சுமத்திவிட முடியாது.

6

இவ்வோவியம் நமக்கு எட்டாத ஐரோப்பிய விவகாரம் என்று சிலர் கருதக்கூடும். வரலாறு அவ்வாறு கூறவில்லை. 1580 முதல் 1640 வரை போர்த்துக்கல்லின் முடியும் ஸ்பானிய மன்னரிடமே இருந்தது. நான்காம் பிலிப்பின் தந்தையார் காலத்தில், 1619இல், யாழ்ப்பாண இராச்சியம் போர்த்துக்கேயரால் இணைத்துக்கொள்ளப்பட்டது. கூடத்தின் மேலே பொறிக்கப்பட்ட போர்த்துக்கல்லின் சின்னத்தினுள், பெயர் கூறப்படாமலே, யாழ்ப்பாணமும் அடங்கியிருந்தது. ஓவியத்தின் இடப்புறத்தே தோற்றவராய் நிற்கும் ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பனி 1602இலேயே நிறுவப்பட்டுவிட்டது. அவர்கள் 1656இற் கொழும்பையும் 1658 யூனில் யாழ்ப்பாணக் கோட்டையையும் முற்றுகையிட்டுப் போர்த்துக்கேயரிடமிருந்து பெற்றனர். அங்கும் நிபந்தனைகள் பேசப்பட்டன. ஐரோப்பியத் தளபதிகள் தமக்குள் கோட்டையைக் கைமாற்றிக்கொண்டனர். நிலத்துக்குரியோர் எவரும் அச்சடங்கில் ஒரு தரப்பாக இருக்கவில்லை.

ஆகவே, தோற்றோர் பக்கத்தே நின்றதனால் ஒல்லாந்தரை விடுதலையின் சின்னமாக்கவும் நம்மால் இயலாது. பதினேழாம் நூற்றாண்டின் தலையாய முதலாளித்துவ நாடாக ஒல்லாந்தைச் சுட்டும் மார்க்ஸ், 'மூலதன'த்தின் அதே பகுதியில் அதன் குடியேற்ற ஆட்சியின் வஞ்சகத்தையும் கொடுமையையும் எடுத்துரைக்கின்றார். பிறேடாவில் ஒடுக்குமுறைக்கு எதிராக நின்ற வர்க்கமே, கடல்கடந்து வந்தபோது ஒடுக்கும் வர்க்கமாயிற்று. நிலமானிய முடியாட்சிக்கு எதிராக அது வகித்த முற்போக்குப் பாத்திரமும், கீழைநாடுகளில் அது வகித்த பாத்திரமும் ஒரே இயக்கத்தின் இரு பக்கங்களாம்.

ஓவியத்தின் வலது கீழ்மூலையில் வெற்றுத்தாள் ஒன்று கிடக்கின்றது. ஓவியர் பெயர் பொறிப்பதற்கான இடம்போலத் தோன்றும் அத்தாளில் எதுவும் எழுதப்படவில்லை. அதற்குப் பல விளக்கங்கள் கூறப்படலாம். அதனைப் புதிராக்கிப் போற்றுவது நமது நோக்கமன்று. ஆயின் அவ்வெறுமை திறனாய்வாளருக்கு ஒரு பணியை நினைவூட்டுகின்றது. சரணடைதல் என்பது இரு தலைவர்களுக்கிடையிலான பண்பாடான நிகழ்ச்சியாக மட்டுமே வரலாற்றில் எழுதப்படும்போது, ஈட்டி ஏந்தியவனும், மதிலினுள்ளே பசித்திருந்தவளும், கைமாறிய நிலத்தின் குடியானவனும் அவ்வரலாற்றிலிருந்து நீக்கப்படுகின்றனர். சரணடைவோருக்கு என்ன நேர்கின்றது, அதனை யார் எழுதுகின்றார் என்பது நமக்கு வெறும் கலைவரலாற்று வினா அன்று.

வெலாஸ்குவெஸின் இவ்வோவியம் மாபெரும் படைப்பு என்பதில் நமக்கு ஐயமில்லை. அதன் பெருமை தோளில் வைக்கப்பட்ட கையில் மட்டும் இல்லை. அக்கை எட்டாத இடங்களையும் அது நம் கண்ணுக்குப் புலப்படுத்துவதிலேயே உள்ளது. அவ்விடங்களை நோக்கிப் பார்வையைத் திருப்புவதும், அங்கு நின்று நம்மை நோக்குபவனுக்கு விடைகூற முயல்வதும் முற்போக்குத் திறனாய்வின் கடமையாகும்.